எதிர்தரப்பையும் எழுதச் சொல்லுங்கள்

உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடத்திட்டம் வகுப்போருக்கும், வினாத்தாள் தயாரிப்போருக்கும், சக ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

மேல்வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தும் எவரும் இந்த இரண்டு வாக்கியங்களைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது: “சிலர் இதை ஏற்றுக்கொள்வதில்லை. ஆனால் அவர்கள் சொல்வது தவறு.” தலைப்பு எதுவானாலும் சரி, முடிவுரைக்கு முந்தைய பத்தியில் இது வந்து நிற்கும். அந்தச் சிலர் யார், ஏன் ஏற்பதில்லை, அவர்கள் கையில் என்ன சான்று இருக்கிறது, அது எந்த இடத்தில் உடைகிறது என்று தேடினால் எதற்கும் பதில் கிடைக்காது. மாணவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. “மாற்றுக் கருத்தையும் குறிப்பிடுக” என்று நாம் கேட்டோம், அவர் குறிப்பிட்டுவிட்டார். நாமும் மதிப்பெண் போட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுகிறோம்.

இந்த மடலில் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஒரு கருத்தை மறுப்பதற்கு முன்னால், அந்தக் கருத்தை உடையவரே படித்துவிட்டு “ஆமாம், நான் சொல்வது இதைத்தான்” என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு அதை எழுத மாணவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். அப்படி எழுதியதற்குத் தனியாக மதிப்பெண் கொடுங்கள். மறுப்புக்கு எவ்வளவோ அவ்வளவு இதற்கும்.

ஏன் இதைப் பெரிதாக நினைக்கிறேன் என்று சொல்கிறேன்.

வாதம் என்றதும் நாம் வகுப்பில் கற்றுத்தருவது பெரும்பாலும் இரண்டு பகுதிகள்: ஒரு கூற்று, அதற்கு ஆதாரமாகச் சில சான்றுகள். இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. இந்தச் சான்றிலிருந்து அந்தக் கூற்றுக்கு எப்படி வந்தாய் என்று கேட்டால் சொல்ல வேண்டிய காரணம் அது. ஸ்டீபன் டூல்மின் என்ற தத்துவ அறிஞர் 1958-ல் வாதங்களின் அமைப்பைப் பிரித்துக் காட்டியபோது இந்த இணைப்புக்குத் தனி இடம் கொடுத்தார். பேசும்போது நாம் இதை வாய்விட்டுச் சொல்வதே இல்லை, எல்லோரும் ஒப்புக்கொண்டதுதானே என்று விட்டுவிடுகிறோம். வலுவான எதிர்வாதங்கள் பல வந்து மோதுவது இந்தச் சொல்லாத இடத்தில்தான். எதிர்தரப்பை முழுமையாக எழுதிப் பார்க்காத மாணவருக்குத் தன் வாதத்தில் அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாமல் போகிறது.

மாணவர்கள் உடனே ஆர்வம் காட்டும் ஒரு கூற்றை எடுத்துக்கொள்வோம்: பள்ளிகள் காலையில் இன்னும் சற்றுத் தாமதமாகத் தொடங்க வேண்டும். இதற்குச் சான்று இருக்கிறது. பதின்பருவத்தில் உடலின் தூக்க நேரம் இயல்பாகவே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் 2014-ல் இதைக் காரணம் காட்டி, பதின்பருவத்தினருக்குக் காலை 8.30-க்கு முன் வகுப்புகள் தொடங்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. கலிஃபோர்னியா மாநிலம் 2019-ல் உயர்நிலைப் பள்ளிகளுக்கு இதைச் சட்டமாக்கி, 2022-ல் நடைமுறைப்படுத்தியது.

சரி, இதை எதிர்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்? வகுப்பில் கேட்டுப் பாருங்கள், நாலைந்து பதில்கள் வரும். அவற்றை ஒரே மூட்டையாகக் கட்டி “எதிர்க்கருத்துகள்” என்று பெயர் வைத்துவிடுகிறோம். ஆனால் அவை ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல.

“பிள்ளைகள் தூங்காததற்குக் காரணம் உடல் அல்ல, கையில் இருக்கும் செல்போன்” என்று ஒருவர் சொன்னால், அவர் நாம் காட்டிய காரணத்தையே மறுக்கிறார். “பள்ளி தாமதமாகத் தொடங்கினால் இரவில் இன்னும் அதிக நேரம் விழித்திருப்பார்கள், தூக்கம் அதிகமாகாது” என்பவர் காரணத்தை ஒப்புக்கொள்கிறார், அதிலிருந்து நாம் வந்த முடிவைத்தான் மறுக்கிறார். “தூக்கம் கூடும் என்றே வைத்துக்கொள்வோம். வேலைக்குப் போகும் பெற்றோர் பிள்ளையை எப்போது பள்ளியில் விடுவார்கள்? மாலை விளையாட்டுப் பயிற்சியை எப்போது நடத்துவது?” என்பவர் நாம் சொன்ன எதையும் மறுக்கவே இல்லை. வேறொரு நன்மையைத் தட்டில் வைத்து, எது கனம் என்று கேட்கிறார். “பதினாறு வயதுப் பிள்ளைக்குச் சரி, ஆறு வயதுப் பிள்ளைக்கு எதற்கு?” என்பவர் கூற்றின் எல்லையைச் சுருக்கப் பார்க்கிறார்.

நான்கும் எதிர்வாதங்கள்தான், ஆனால் நான்குக்கும் பதில் ஒரே மாதிரி இருக்க முடியாது. முதலாவதற்கு உடலியல் சான்று வேண்டும். இரண்டாவதை உட்கார்ந்து விவாதித்துப் பயனில்லை, அளந்துதான் பார்க்க வேண்டும். அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகர உயர்நிலைப் பள்ளிகள் 2016-ல் தொடக்க நேரத்தைக் காலை 7.50-லிருந்து 8.45-க்கு மாற்றின. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் மாணவர்களின் மணிக்கட்டில் கருவி கட்டித் தூக்கத்தை அளந்த ஆய்வு 2018-ல் வெளியானது. தூக்கம் ஏறத்தாழ 34 நிமிடம் கூடியிருந்தது. இந்த எண்ணை மாணவர்களோடு நிதானமாகப் பார்க்க வேண்டும். 55 நிமிடம் தாமதப்படுத்தியதில் கூடிய தூக்கம் 34 நிமிடம்தான். எதிர்வாதம் முழுக்கப் பொய்யாகிவிடவில்லை, முழுக்க நிற்கவும் இல்லை. இப்படிப்பட்ட முடிவை எழுதப் பழகிய மாணவரின் மொழியே மாறிவிடும். “தவறு” என்ற ஒற்றைச் சொல்லால் இதைச் சொல்லிவிட முடியாது.

மூன்றாவது எதிர்வாதத்தில்தான் மாணவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். பெற்றோரின் வேலை நேரம் பற்றிய கேள்விக்குத் தூக்க ஆய்வையே மறுபடியும் பதிலாக எழுதுகிறார்கள். கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. தூக்கம் பற்றி இன்னும் நூறு ஆய்வு காட்டினாலும் அது பதிலாகாது. அங்கே வேண்டியது வேறு வழி: சிரமம் யாருக்கு, எவ்வளவு, அதைக் குறைக்க முடியுமா, முடியாவிட்டால் அந்தச் சிரமத்தையும் தாண்டி ஏன் இந்த மாற்றம் தேவை. நான்காவதற்கு மறுப்பே தேவையில்லை. “சரி, உயர்நிலை வகுப்புகளுக்கு மட்டும்” என்று கூற்றைத் திருத்திக்கொண்டால் போதும். கூற்று சிறிதாகும், ஆனால் உறுதியாகும்.

வந்த எதிர்வாதம் எந்த இடத்தைத் தாக்குகிறது என்று கண்டுபிடிக்கும் இந்தத் திறனைத்தான் நாம் சொல்லித்தருவதில்லை. அதற்குப் பதிலாக “நிறைகள், குறைகள்” என்று இரண்டு பட்டியல் போடச் சொல்கிறோம். இடப்பக்கம் ஐந்து வரி, வலப்பக்கம் ஐந்து வரி. பார்க்க நேர்த்தியாக இருக்கும், திருத்தவும் எளிது. ஆனால் இடப்பக்கத்து வரி ஒன்று வலப்பக்கத்து வரி எதையும் சந்திப்பதே இல்லை. இரண்டு பேர் இரண்டு அறைகளில் தனித்தனியே பேசியதை ஒரே தாளில் எழுதியது போல இருக்கிறது. கடைசியில் “நன்மையும் உண்டு, தீமையும் உண்டு, நாம்தான் கவனமாகப் பயன்படுத்த வேண்டும்” என்று முடித்துவிடுகிறார்கள். இந்த முடிவுக்கு வருவதற்குப் பட்டியலே போட்டிருக்க வேண்டாம்.

அறிவியல் ஆசிரியர்களிடம் ஒரு வார்த்தை. வாதம் செய்வது மொழிப்பாடத்தின் வேலை என்று தயவுசெய்து ஒதுக்கிவிடாதீர்கள். மிகச் சிறந்த எதிர்வாதங்கள் உங்கள் பாடப்புத்தகத்துக்குள்தான் ஒளிந்து கிடக்கின்றன. கண்டங்கள் நகர்கின்றன என்ற பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் அறிஞர் ஆல்ஃபிரட் வெகனர் 1912-ல் சொன்னார், பிற்காலத்தில் அது உறுதியானது என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறோம். நடுவில் நடந்த அரை நூற்றாண்டு வழக்கு காணாமல் போகிறது.

அந்த வழக்கு எப்படி நடந்தது? தென் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் ஒரே மாதிரியான தொல்லுயிர் எச்சங்கள் கிடைக்கின்றன, மீசோசாரஸ் என்ற சிறு ஊர்வன அதில் ஒன்று. எனவே இரண்டும் ஒருகாலத்தில் ஒட்டியிருந்தன என்றார் வெகனர். எதிர்தரப்பு அந்த எச்சங்களை மறுக்கவில்லை. “இரண்டுக்கும் நடுவே நிலப்பாலம் இருந்திருக்கலாம், அதன்மேல் விலங்குகள் கடந்திருக்கலாம், பிறகு அது கடலில் மூழ்கியிருக்கலாம்” என்றது. சான்று ஒன்றுதான், விளக்கம் வேறு. வெகனர் இதற்கு நேராகப் பதில் சொன்னார். கண்டங்களின் பாறை கடலடிப் பாறையைவிட இலேசானது, இலேசான ஒன்று கனமான ஒன்றுக்குள் மூழ்கிப் போகாது. நல்ல பதில். ஆனால் எதிர்தரப்பு அதோடு நிற்கவில்லை. “அப்படியானால் இவ்வளவு பெரிய நிலப்பரப்பை எந்த விசை தள்ளியது?” என்று கேட்டது. வெகனர் பூமியின் சுழற்சியையும், நிலவும் சூரியனும் இழுக்கும் ஈர்ப்பையும் காட்டினார். கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் அந்த விசைகள் போதவே போதா என்று காட்டினார்கள். அவர்கள் காட்டியது சரி. வெகனரிடம் அதற்குப் பதில் இல்லை. 1930-ல் கிரீன்லாந்துப் பனியில் அவர் இறந்தபோதும் அந்தக் கேள்வி நின்றுகொண்டுதான் இருந்தது. 1960-களில் கடலடித் தளம் விரிந்துகொண்டே போகிறது என்பதற்குக் காந்தப் பதிவுகளிலிருந்து சான்று கிடைத்த பிறகுதான் வழக்கு திரும்பியது.

இதை ஒரு வகுப்பு முழுக்க நடத்தலாம். 1925-ம் ஆண்டில் நீங்கள் ஒரு புவியியலாளர், வெகனரை ஏற்பீர்களா என்று கேட்கலாம். விடை தெரிந்த பிறகு எதிர்தரப்பை முட்டாளாக்குவது சுலபம். அன்று கையில் இருந்த சான்றை மட்டும் வைத்துப் பார்த்தால், அவரை ஏற்காதவர்களிடம் உறுதியான காரணம் இருந்தது. கடைசியில் சரியென்று ஆன கூற்றுக்கு எதிராகவும் நியாயமான வாதம் இருக்க முடியும் என்பது பதினைந்து வயதில் மனத்தில் பதிந்தால், அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க எதிரில் இருப்பவரைப் பார்க்கும் பார்வை வேறாக இருக்கும். இதை நான் மனமார நம்புகிறேன்.

இன்னொன்று, விட்டுக்கொடுப்பது பற்றி. எதிர்தரப்பில் ஒரு நியாயத்தை ஒப்புக்கொண்டால் தன் வாதம் பலவீனமாகிவிடும் என்று மாணவர்கள் பயப்படுகிறார்கள். அவர்களுக்கு ஆங்கில மருத்துவர் ஜான் ஸ்னோவைக் காட்டுங்கள். 1854-ல் லண்டனில் பிராட் தெருப் பகுதியில் காலரா பரவியபோது, கெட்ட காற்றால்தான் நோய் வருகிறது என்று பெரும்பாலான மருத்துவர்கள் நம்பினார்கள். ஸ்னோ அந்தத் தெருவிலிருந்த அடிகுழாயின் தண்ணீரைச் சந்தேகித்தார். அவர் செய்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது, தன் கூற்றுக்குப் பொருந்தாதவர்களைத் தேடிப் போனதுதான். அருகிலேயே இருந்த ஆதரவற்றோர் விடுதியில் 535 பேர் இருந்தும் இறந்தவர்கள் 5 பேர் மட்டும். தண்ணீர்தான் காரணம் என்றால் இவர்கள் எப்படித் தப்பினார்கள்? விசாரித்தால், விடுதிக்குள்ளேயே தனிக் கிணறு இருந்தது. தொலைவில் ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு மூதாட்டி காலராவால் இறந்தார். அவர் பல மாதங்களாக அந்தத் தெருப் பக்கமே வந்திருக்கவில்லை. விசாரித்தால், அந்தக் குழாய்த் தண்ணீரின் சுவை பிடித்துப்போய் அதை வரவழைத்துக் குடித்துவந்திருந்தார். எதிராளி எடுத்துப் போட வேண்டிய கேள்விகளைத் தானே எடுத்துப் போட்டு, அவற்றையே தன் வலுவான சான்றுகளாக மாற்றிக்கொண்டார் ஸ்னோ.

அந்த ஆண்டு செப்டம்பர் 8 அன்று குழாயின் கைப்பிடியைக் கழற்றினார்கள், நோய் அடங்கியது. வென்றேன் என்று அவர் எழுதியிருக்கலாம். அதற்கு முன்பே மக்கள் ஊரைவிட்டு வெளியேறியதால் நோய் குறையத் தொடங்கியிருந்தது, கைப்பிடியைக் கழற்றியதால்தான் நின்றதா என்று தீர்மானிக்க முடியாது என்று அவரே பதிவு செய்தார். அப்படி எழுதியதால் அவர் வாதம் சரிந்துவிடவில்லை. சொல்லக்கூடியதை மட்டும் சொல்கிறவர் என்ற நம்பிக்கைதான் வாசிப்பவருக்கு வருகிறது.

தமிழாசிரியர்களுக்கு வெகுதூரம் போக வேண்டிய அவசியமே இல்லை. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நாம் கண்ணகியின் சினத்துக்காக நடத்துகிறோம். அதை ஒரு வாதமாக ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது, அது அரசநீதி என்பது பாண்டியனின் நிலை. கண்ணகி அந்தப் பொதுவிதியை மறுக்கவே இல்லை. கள்வனைக் கொல்லலாமா கூடாதா என்று அவள் வாதாடப் போயிருந்தால் வழக்கு எங்கேயோ போயிருக்கும். அவள் தொட்டது ஒரே ஒரு இடத்தை: என் கணவன் கள்வனா? அதற்கு அவள் வைக்கும் சோதனை, என் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கப் பரல். பாண்டியன் அந்தச் சோதனையை ஏற்றுக்கொள்கிறான், நீ சொன்னது நல்ல சொல் என்கிறான், எங்கள் சிலம்பில் இருப்பது முத்து என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறான். சிலம்பு உடைவதற்கு முன்பே, எது வந்தால் யார் சொன்னது சரி என்று இருதரப்பும் ஒப்புக்கொண்டாகிவிட்டது. எத்தனையோ விவாதங்கள் முடிவே இல்லாமல் இழுபடக் காரணம், எதைக் கண்டால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன் என்று யாரும் முன்னால் சொல்வதில்லை என்பதுதான். பாண்டியன் சொன்னான். பரல் தெறித்ததும் அந்தச் சொல்லிலிருந்து பின்வாங்கவும் இல்லை.

நன்னூல் சொல்லும் எழுவகை மதங்களையும், அதாவது ஒரு கருத்தை அணுகும் ஏழு முறைகளையும், மாணவர்கள் அடிபிறழாமல் ஒப்பிக்கிறார்கள். உடன்படல், மறுத்தல் என்று தொடங்கும் அந்த வரிசையில் மூன்றாவது, பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு. பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு, அப்புறம் களைவது. நான் இந்த மடலில் கேட்பது ஏறக்குறைய அதைத்தான். பழைய உரைகளிலும் “அற்றேல்” (அப்படியானால்) என்று எதிராளியின் கேள்வியை உரையாசிரியரே எழுப்பி விடை சொல்லும் முறை உண்டு. இதையெல்லாம் பட்டியலாக எழுதச் சொல்லி மதிப்பெண் கொடுக்கிறோம். ஒருமுறைகூட ஒரு மாணவர் இந்த ஏழில் ஒன்றைக் கையில் எடுத்து எதையாவது எழுதிப் பார்க்க வைப்பதில்லை.

இதற்கெல்லாம் தனிப் பயிற்சி எதற்கு, “நடுநிலையோடு யோசியுங்கள்” என்று சொன்னால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது என்பதற்கு ஆய்வே இருக்கிறது. உளவியல் அறிஞர் சார்ல்ஸ் லார்டும் அவருடைய சகாக்களும் 1984-ல் வெளியிட்ட ஆய்வில், மரண தண்டனை பற்றி உறுதியான கருத்துள்ளவர்களுக்கு அதற்கு ஆதரவாகவும் எதிராகவும் முடிவு காட்டும் ஆய்வுகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினரிடம் நீதிபதியைப் போல நடுநிலையாக இருக்கச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினரிடம், இதே ஆய்வு எதிரான முடிவைக் காட்டியிருந்தால் இதே மதிப்பீட்டைத்தான் செய்திருப்பாயா என்று ஒவ்வொரு கட்டத்திலும் தன்னைக் கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள். நடுநிலை அறிவுரை சார்பைக் குறைக்கவில்லை. எதிர்ப்பக்கத்தை நினைத்துப் பார்க்கச் சொன்னது குறைத்தது. டீயானா குன் என்ற உளவியல் அறிஞர் 1991-ல் வெளியிட்ட ஆய்வில் பதின்பருவத்தினர் முதல் அறுபது வயதைத் தாண்டியவர்கள் வரை 160 பேரிடம் பேசி, உங்களை மறுப்பவர் என்ன சொல்வார் என்று கேட்டார். பலரால் அதைச் சொல்ல முடியவில்லை. வயது ஏற ஏறத் தானாக வந்துவிடும் திறன் அல்ல இது. பள்ளியில் விட்டால் பிறகு பிடிக்க முடியாமல் போகலாம்.

எதிர்தரப்பை எழுதச் சொல்லும் நான், என் கோரிக்கைக்கு எதிராக உள்ள வலுவான வாதங்களையும் இங்கே எழுத வேண்டும்.

முதலாவது, எனக்கே மிகவும் கனமாகப் படுவது. சிந்திக்கும் திறன் என்று தனியாக ஒன்று கிடையாது, எதைப் பற்றிச் சிந்திக்கிறோமோ அதைப் பற்றிய அறிவு இல்லாமல் சிந்தனை நடக்காது என்பது. டேனியல் வில்லிங்ஹம் போன்ற உளவியல் அறிஞர்கள் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். பாறைகளின் அடர்த்தி தெரியாத மாணவரால் வெகனரின் பதிலை எடைபோட முடியாது. ஆகவே முதலில் பாடத்தை நன்றாக நடத்துங்கள், வாதம் பிறகு பார்க்கலாம் என்பார்கள். இதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். அதனால்தான் “விவாதத் திறன்” என்று தனிப் பாடவேளை கேட்கவில்லை. ஒன்றும் தெரியாத தலைப்பில் காரசாரமாகப் பேசப் பழக்குவது எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் “பிறகு” என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். நிலப்பாலம் ஏன் மூழ்காது என்ற கேள்வி வந்த பிறகுதான் அடர்த்தி என்ற பாடம் மாணவர் மனத்தில் ஒட்டுகிறது. இரண்டையும் ஒன்றாக நடத்த முடியும்.

இரண்டாவது, எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கம் உண்டு என்று பழக்கினால், எதிலும் உண்மையே இல்லை என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள் என்ற அச்சம். நியாயமான அச்சம். ஒரு கருத்தை அதன் முழு வலுவோடு எழுதுவதும், இரண்டு கருத்துகளுக்கும் சம எடை கொடுப்பதும் வேறு வேறு. தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று சொன்ன 1998-ம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட ‘தி லான்செட்’ இதழே 2010-ல் திரும்பப் பெற்றது. அந்தக் கூற்றை முழுமையாக எழுதி, எந்தச் சான்றின்மேல் நின்றது, அந்தச் சான்று என்னவாயிற்று என்று மாணவர் பார்க்கட்டும். முழுமையாக எழுதிய பிறகு அது எவ்வளவு மெலிந்தது என்று தானாகத் தெரியும். தலைப்பைத் தேர்ந்தெடுப்பதில் ஆசிரியருக்குக் கண்டிப்பு வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் பிறப்போ, உடலோ, குடும்பமோ விவாதப்பொருள் ஆகவே கூடாது. தன் மதிப்பைத் தானே நிரூபிக்கும்படி எந்தப் பிள்ளையையும் நிறுத்திவைக்க நமக்கு உரிமை இல்லை.

நேரம் இல்லை என்பது மூன்றாவது. உண்மை. அதனால் தலைப்புகளைக் குறையுங்கள். ஆண்டுக்குப் பத்துக் கட்டுரை எழுதுவதற்குப் பதில் நான்கு எழுதட்டும், ஒவ்வொன்றையும் எதிர்தரப்பு படித்த பிறகு திருத்தி எழுதட்டும்.

மதிப்பெண் போடுவது கடினம் என்ற நான்காவது தடைக்கு வகுப்பறையிலேயே வழி இருக்கிறது. மாணவர் எழுதிய எதிர்தரப்புப் பத்தியை உண்மையிலேயே அந்தத் தரப்பில் இருக்கும் இன்னொரு மாணவரிடம் கொடுங்கள். “இது என் கருத்துதான்” என்று அவர் கையெழுத்துப் போட்டால் பத்தி தேறியது. “நான் இப்படிச் சொல்லவில்லை” என்றால் திரும்பப் போக வேண்டும். அனடோல் ராப்பபோர்ட் என்ற கணித அறிஞர் 1960-ல் விவாதங்களுக்குச் சொன்ன விதி இதையே அடிப்படையாகக் கொண்டது. பொதுத்தேர்வில் அந்த இன்னொரு மாணவர் இருக்க மாட்டார்தான். ஆனால் திருத்துபவருக்குக் கொடுக்கும் குறிப்பில் அதே கேள்வியை வைக்க முடியும்: எதிர்தரப்புக்குக் காரணம் எழுதப்பட்டிருக்கிறதா, அந்தக் காரணத்துக்குச் சான்று இருக்கிறதா, மறுமொழி அந்தக் காரணத்தைத்தான் தொடுகிறதா?

விவாதப் போட்டி நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். இப்போதைய போட்டிகளில் கைதட்டல் கிடைப்பது எதிரணியைச் சுருக்கென்று மடக்கும் சொல்லுக்குத்தான். எதிரணி சொன்னதைத் திரித்துச் சொன்னாலும் கைதட்டல் குறைவதில்லை. பாதி நேரத்தில் இரு அணிகளையும் பக்கம் மாறச் சொல்லுங்கள். அல்லது பேசத் தொடங்கும் முன் எதிரணியின் முக்கிய வாதத்தை ஒரு நிமிடம் சொல்ல வேண்டும், எதிரணி ஒப்புக்கொண்டால்தான் மேலே பேசலாம் என்று விதி வையுங்கள். போட்டியின் வேகம் கொஞ்சம் குறையும். குறையட்டும்.

வினாத்தாள் தயாரிப்போரிடம் நான் கேட்பது மிகவும் திட்டமானது. வகுப்பறையில் என்ன நடக்க வேண்டும் என்பதைப் பாடத்திட்டத்தைவிட நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள். தேர்வில் வராத எதையும் மாணவர்கள் தொடர்ந்து செய்ய மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. “ஆதரித்தோ எதிர்த்தோ எழுதுக” என்ற வினா இருக்கட்டும், அதோடு இப்படி ஒன்றைச் சேருங்கள். எதிரெதிரான இரண்டு சிறு பத்திகளைக் கொடுங்கள். இரண்டு ஆசிரியர்களும் உண்மையில் எந்த இடத்தில் முரண்படுகிறார்கள், சான்றிலா, சான்றிலிருந்து வந்த முடிவிலா, எதை முக்கியம் என்று நினைப்பதிலா என்று கேளுங்கள். அடுத்து, நீங்கள் ஏற்காத பத்தியின் வாதத்தை அந்த ஆசிரியர் எழுதியதைவிட வலுவாக எழுதுங்கள் என்று கேளுங்கள். கடைசியாக, இதை எழுதிய பிறகு உங்கள் கூற்றில் எந்தச் சொல்லை மாற்றுவீர்கள் என்று கேளுங்கள். “எல்லா” என்பதைப் “பெரும்பாலான” என்று மாற்றிய மாணவருக்கும், காரணத்தோடு எதையும் மாற்றாமல் நின்ற மாணவருக்கும் சமமாக மதிப்பெண் கொடுங்கள்.

இந்த மூன்று சிறு வினாக்களுக்கு ஒரு பக்கம் போதும். மாதிரி வினாத்தாள் ஒன்றில் வெளியிட்டுவிட்டு, ஆசிரியர்கள் பழகிக்கொள்ள ஓராண்டு அவகாசம் கொடுத்து, அதற்கு அடுத்த ஆண்டுத் தேர்வில் சேர்த்தால் யாருக்கும் அதிர்ச்சி இருக்காது. இதை ஏற்க முடியாது என்று நீங்கள் கருதினால், அந்தக் காரணங்களை எழுதி வெளியிடுங்கள். அவற்றை என் மாணவர்களுக்குப் பாடமாக வைத்து, முதலில் உங்கள் தரப்பைத்தான் எழுதச் சொல்வேன்.

அன்புடன்,
மேல்வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்